இறங்கத் தெரியாதவரோடு முக்கொம்புக்கு

என் கணவர் சைக்கிள் கற்றுக்கொண்டபோது அவருக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. எண்பதுகளின் தொடக்கம் அது. எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. ஸ்ரீரங்கத்தில் மேலூர் போகிற பக்கம் ஒரு வாடகை வீட்டில் அவருடைய அண்ணன், அண்ணி, நாங்கள் இருவர் என்று ஒன்றாக இருந்தோம். அவர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். நான் ஆரம்பப் பள்ளி டீச்சர்.

வீட்டில் யாருக்கும் யார் மேலும் குறை கிடையாது. ஆனால் சின்ன வீடு. ஒரு அறையில் தும்மினால் மறு அறையில் கேட்கும். அதனால் நானும் அவரும் பேசிக்கொள்வதெல்லாம் "காபி ஆறுது", "இன்னிக்கு லேட்டாகும்" என்ற அளவோடு நின்றுவிடும். கூச்சம் என்றும் சொல்லலாம். இரண்டு வருஷம் ஆகியும் அது முழுசாகப் போகவில்லை.

நான் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். காலேஜுக்கும் பிறகு வேலைக்கும் சைக்கிளில்தான் போனேன். கல்யாணத்துக்குப் பிறகு அந்த லேடீஸ் சைக்கிளும் என்னோடு ஸ்ரீரங்கத்துக்கு வந்து, கொல்லைப்புறத்தில் ஒரு சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றது. யாரும் ஓட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை. ஸ்கூல் நடக்கிற தூரத்தில் இருந்தது, நானாகவே எடுக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதன் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது அவர் வந்து பக்கத்தில் நின்றார்.

"ஓட்டாத வண்டிக்கு எதுக்கு எண்ணெய்?"

"துருப்பிடிச்சிடும்ல. பாவமா இருக்கு."

அதற்கடுத்த வாரங்களில் தினமும் தாமதமாக வீட்டுக்கு வந்தார். ஸ்பெஷல் கிளாஸ் என்றார். ஸ்பெஷல் கிளாஸ் எடுத்துவிட்டு வருகிற மனிதருக்கு முழங்காலில் ஏன் சிராய்ப்பு இருக்கிறது என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. கேட்கவில்லை.

காலாண்டு லீவு விட்டு, ஆயுத பூஜையும் முடிந்தது. ஒரு ராத்திரி சாப்பாட்டின்போது அவர் ரசத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நாளைக்கு நாங்க ரெண்டு பேரும் சைக்கிள்ல முக்கொம்பு போயிட்டு வரலாம்னு இருக்கோம்."

இருக்கோம் என்றாரே தவிர எனக்கே அப்போதுதான் தெரியும். முக்கொம்பு என்றால் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற இடம், கதவணையும் பார்க்கும் உண்டு.

அண்ணி கரண்டியோடு நின்றார். "சைக்கிள்லயா? யாரு ஓட்டுறது?"

"ஆளுக்கு ஒண்ணு அண்ணி. அண்ணன் வண்டிய நான் எடுத்துக்கறேன்."

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். அவர் அதிகம் பேசாத மனிதர். "உனக்கு எப்படா ஓட்டத் தெரியும்?"

"கத்துக்கிட்டேன்ணே. எங்க பி.டி. மாஸ்டர் கத்துக்கொடுத்தாரு."

அண்ணன் கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தார். பிறகு, "முன் பிரேக்கு கொஞ்சம் வெடுக்குனு பிடிக்கும். பாத்துப் பிடி" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் விடியும்போதே எழுந்து புளியோதரையும் தயிர்சாதமும் கட்டினேன். அண்ணி நார்த்தங்காய் ஊறுகாயை ஒரு இலையில் மடித்து, மணப்பாறை முறுக்குப் பொட்டலம் ஒன்றையும் பைக்குள் வைத்தார். தெருவில் நான் ஏறிவிட்டேன். அவர் ஏறவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டே என் பக்கத்தில் நடந்தார்.

"ஏறுங்க."

"தெருமுனை தாண்டட்டும்."

தெருமுனை தாண்டி, ஒரு வாய்க்கால் பாலம் வந்தது. வண்டியை அதன் கட்டைச்சுவரை ஒட்டி நிறுத்தி, சுவர் மேல் ஏறி நின்று, அங்கிருந்து சீட்டில் உட்கார்ந்து, காலால் சுவரை உந்தினார். வண்டி நெளிந்து, நிமிர்ந்து, போக ஆரம்பித்தது. நான் பின்னாலேயே மிதித்தேன். நன்றாகத்தான் ஓட்டினார். முதுகு மட்டும் பிளாக்போர்டு மாதிரி விறைப்பாக இருந்தது.

மேலூர் தாண்டியதும் ரோட்டை விட்டுக் காவிரிக் கரையில் ஏறினோம். கரை மேல் மண்பாதை, மாட்டுவண்டித் தடம் இரண்டு கோடாக ஓடும், நடுவில் புல். இடது பக்கம் காவிரி கரை கொள்ளாமல் போய்க்கொண்டிருந்தது. வலது பக்கம் கீழே வாழைத்தோட்டம், அதற்குப் பின்னால் தென்னை. மழை பெய்து ஓரிரு நாள்தான் ஆகியிருந்ததால் தூசி இல்லை. வாழையிலைகளில் வெயில் பட்டுப் பச்சையாக ஒரு வெளிச்சம் பாதை வரைக்கும் ஏறி வந்தது. டயருக்கு அடியில் ஈர மண் நறநறக்கிற சத்தத்தைக் கேட்டு எனக்கு எத்தனை நாளாயிற்று. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றுகொண்டே மிதித்தேன். மேடு வந்தால் மூச்சு வாங்கும், இறக்கம் வந்தால் வயிறு கூசும். வேர்கள் குறுக்கே ஓடுகிற இடத்தில் இரண்டு பேருக்கும் பல் கிடுகிடுத்தது.

"எப்படி இருக்கு?" என்று முன்னால் போய்க்கொண்டே கேட்டார்.

"நல்லாயிருக்குங்க. அந்தப் புளியமரத்துக்கிட்ட நிறுத்துங்க, தண்ணி குடிக்கலாம்."

புளியமரம் வந்தது, போனது. அவரும் போனார்.

"நிறுத்துங்க."

"கல்லு இல்ல," என்றார்.

"என்ன இல்ல?"

"காலை ஊன்றதுக்குக் கல்லு இல்ல. கல்லு இருந்தாத்தான் இறங்க வரும்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பி.டி. மாஸ்டர் அவரைக் கொடிக்கம்ப மேடையிலிருந்து ஏற்றி, மைதானத்தைச் சுற்றவிட்டு, அதே மேடையில் இறக்கியிருக்கிறார். லீவு விடுவதற்குள் அவ்வளவுதான் முடிந்தது. ஏற ஒரு உயரம் வேண்டும், இறங்க ஒரு உயரம் வேண்டும். நடுவில் அவரை யாராலும் நிறுத்த முடியாது. அவர் சுருக்கமாகத் தலையைத் திருப்பாமலே இதையெல்லாம் விளக்கினார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, ஹேண்டில்பார் ஆடியது. அவரும் சிரித்தார், அவருக்கும் ஆடியது.

"சிரிக்க வைக்காத. விழுந்துடுவேன்."

எதிரே எருமைகள் வந்தபோது மணியை விடாமல் அடித்தார். மேய்க்கிற அம்மா ஓரம் ஒதுங்கி, "இறங்கித்தான் போங்களேன் சார்" என்றார். "முடியாதும்மா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு எருமைகளுக்கு நடுவில் நுழைந்து போனார். ஒன்றின் கொம்பு அவர் முழங்கையை உரசியது. எனக்கு உயிர் போய் வந்தது.

பாதி வழிக்கு மேல் வந்திருப்போம். என் பின் டயரில் ஏதோ முள் ஏறியது. வண்டி கனத்து, ரிம் தரையில் இடித்தது. இறங்கிப் பார்த்தால் காற்று சுத்தமாகப் போய்விட்டிருந்தது. "ஏங்க" என்று கத்தினேன். காற்று எதிர்ப்பக்கமாக அடித்தது. அவர் முதுகு சிறிதாகிக்கொண்டே போய், கரை வளைகிற இடத்தில் மறைந்துவிட்டது.

ஆள் நடமாட்டமே இல்லாத இடம். சாப்பாட்டுப் பை என்னிடம். பம்ப் அவர் வண்டியில். அவருக்கு நிறுத்தவும் தெரியாது, அந்த அகலத்தில் திருப்பவும் தெரியாது. முக்கொம்பு வரைக்கும் போய், பார்க் மதில் சுவரைப் பிடித்து இறங்கினால்தான் உண்டு, அதற்குள் இந்த மனிதர் எந்த எருமை மேல் மோதுவாரோ என்று நினைத்துக்கொண்டே வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

வெயில் ஏறியது. எதிரே ஒருவர் சைக்கிளின் இரண்டு பக்கமும் வாழைத்தார் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தார்.

"அண்ணே, முன்னாடி ஒருத்தர் சைக்கிள்ல போனாங்களா? வெள்ளைச் சட்டை."

"போனாரும்மா. மூஞ்சியத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டே போனாரு. பின்னாடி யாரும் வராங்களான்னு கேட்டாரு. நின்னு கேளுங்க சார்னேன். நிக்கல. அதுக்கப்புறம் தொபுக்குனு ஒரு சத்தம் கேட்டுச்சு. நான் திரும்பிப் பார்க்கறதுக்குள்ள ஆளைக் காணோம்."

நான் ஓட ஆரம்பித்தேன். பஞ்சரான வண்டியைத் தள்ளிக்கொண்டு சேலையோடு ஓடுவது எவ்வளவு கஷ்டம் என்று ஓடியவர்களுக்குத்தான் தெரியும். கரை வளைவைத் திரும்பியதும் அவர் தெரிந்தார். எதிரே வந்துகொண்டிருந்தார், அவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு, அவரும் ஓட்டமாக. தலை முதல் கால் வரை சேறு. வெள்ளைச் சட்டையில் காலர் மட்டும்தான் வெள்ளை. ஒரு செருப்பைக் காணவில்லை.

என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"உனக்கு ஒண்ணும் இல்லியே?"

"டயர் பஞ்சர். உங்களுக்கு என்ன ஆச்சு? விழுந்துட்டீங்களா?"

"விழல. விழுந்தேன். அதாவது, நானாத்தான் விழுந்தேன்."

"நானான்னா?"

"உன் மணிச் சத்தம் கேக்கல. கூப்பிட்டுப் பார்த்தேன், பதிலும் இல்ல. என்னமோ ஆயிடுச்சுன்னு தோணுச்சு. நிறுத்தத் தெரியல, திருப்பத் தெரியல. வாழைத்தோட்டத்துல தண்ணி பாய்ச்சியிருந்தாங்க. சேறு மெத்துன்னுதான் இருக்கும்னு கரையிலேருந்து கீழ விட்டுட்டேன்."

கணக்குப் பாடத்தில் ஒரு படியை விளக்குவது போல நிதானமாகச் சொன்னார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. கை கால் முறிந்திருந்தால் என்ன செய்வது என்று கேட்க வாயெடுத்தேன். அவர் இமையில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்ததும் வேறு என்னவோ ஆகிவிட்டது. தலைப்பால் துடைத்துவிட்டேன். வெட்டவெளியில் அப்படி அவர் முகத்தைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அவர் கண்ணை மூடிக்கொண்டு குழந்தை மாதிரி நின்றார்.

கொஞ்ச தூரத்தில் ஒரு படித்துறை இருந்தது. அவர் இறங்கிச் சட்டையோடு முங்கி எழுந்து வந்தார். ஈரத்தோடு படியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருந்ததால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியிருக்கவில்லை, பேச்சு தானாக வந்தது.

"சின்ன வயசுல ஏன் கத்துக்கல?" என்று கேட்டேன்.

"அப்பா போனப்புறம் அண்ணன்தான் என்னை முன்னாடி பார்ல உக்கார வச்சு ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போவான். காலேஜுக்குக்கூடக் கொண்டுவந்து விட்டான். நான் ஓட்டறேன்னு கேக்கவே தோணல. கேட்டா அவன் வேணாம்னு சொல்லியிருக்க மாட்டான். ஆனா அவனுக்கு ஒரு மாதிரி ஆயிருக்கும்."

"இப்ப மட்டும் ஏன் தோணுச்சு?"

முறுக்கை உடைத்தார். "துருப்பிடிக்குதுன்னு சொன்னியே."

பொன்மலைக் காலனி ரோட்டில் இறக்கத்தில் இரண்டு கையையும் விட்டு ஓட்டியதைப் பற்றி நான் சொன்னேன். அவர் நம்பவில்லை. என் அப்பா பின்னால் இன்னொரு சைக்கிளில் வந்து கையை வைடி, கையை வைடி என்று கத்துவார் என்றேன். அண்ணி தனியாக இருக்கும்போது ரேடியோவோடு சேர்ந்து பாடுவார், அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்றேன். தான் எட்டாம் வகுப்பில் கணக்கில் தோற்றவர் என்று அவர் அன்றைக்குத்தான் சொன்னார். இரண்டு வருஷமாக ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கு இவ்வளவு இருந்திருக்கிறது பேச.

மீதி வழியை இரண்டு வண்டியையும் தள்ளிக்கொண்டே நடந்தோம். முக்கொம்பில் பார்க் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டோம். பக்கத்துக் கடையில் அவருக்கு ஒரு ஜோடி ரப்பர் செருப்பும் வாங்கினோம். கதவணைப் பாலத்தில் கொஞ்சம் கூட்டம் குறைந்தபோது, அவர் கேட்டுக்கொண்டதற்காக, கையை விட்டு ஓட்டிக் காட்டினேன். திரும்பி வந்தபோது அவர் பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்து நின்றிருந்தார். காது வரைக்கும் சிரிப்பு.

திரும்பும்போது மண்பாதை வேண்டாம் என்று பாலம் வழியாக அக்கரைக்குப் போய்க் கரூர் ரோட்டில் வந்தோம். அதில் அவருக்குக் கஷ்டமே இல்லை, மைல் கல்லும் பாலத்துக் கட்டையும் நிறைய. ஜீயபுரத்தில் டீ குடிக்கலாம் என்றேன். டீக்கடையைத் தாண்டிப் போய், அடுத்த மைல் கல்லில் காலை ஊன்றி நின்று, அங்கிருந்து கை காட்டினார். நான் டீயை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். கடைக்காரர் கிளாஸுக்காகப் பின்னாலேயே வந்தார். சத்திரம் பஸ் ஸ்டாண்டு நெரிசலில் ஏறுவதற்கே இல்லை. இருவரும் தள்ளிக்கொண்டு காவிரிப் பாலத்தைக் கடந்து, இருட்டுவதற்குள் வீடு சேர்ந்தோம்.

அண்ணி வாசலிலேயே நின்றிருந்தார். "என்னப்பா இது கோலம்?" என்றார். என் கணவர் ஒன்றையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். அண்ணி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணன் சிரிக்கவில்லை. சேறு காய்ந்த வண்டியைக் கொல்லைப்பக்கம் தள்ளிக்கொண்டு போனார். வண்டியை இப்படிப் பண்ணிவிட்டோமே, கோபம் போலிருக்கிறது என்று நான் பயந்தேன்.

கொஞ்ச நேரத்தில் கொல்லையிலிருந்து குரல் வந்தது. "டேய், இங்க வா."

போய்ப் பார்த்தால் அண்ணன் ஸ்பேனரோடு குந்தியிருந்தார். சீட்டைக் கடைசிவரை இறக்கி வைத்திருந்தார்.

"உக்காரு."

அவர் உட்கார்ந்தார். இரண்டு காலும் தரையில் பட்டன.

அண்ணன் நெட்டையானவர். அவர் உயரத்துக்கு வைத்த சீட்டு அது. இவர் பழகியது பி.டி. மாஸ்டர் வண்டியில், அவரும் நெட்டை. சீட்டை இறக்கலாம் என்று கணக்கு வாத்தியாருக்கும் தோன்றவில்லை, அத்தனை வருஷம் ஓட்டிய எனக்கும் தோன்றவில்லை. அண்ணன் வண்டியில் எதையும் மாற்றலாம் என்பதே என் கணவர் நினைப்பில் வந்திருக்காது.

"என்கிட்ட அப்பவே கேட்டிருக்கக் கூடாதாடா" என்றார் அண்ணன், ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே. "அப்பவே" என்று அவர் சொன்னது எந்த வருஷத்தை என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவர் அந்தச் சீட்டை உயர்த்தவே இல்லை. முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்க இடிக்க ஆபீசுக்குப் போய் வந்தார். நாங்கள் வேறொரு வண்டி வாங்கும் வரைக்கும் அப்படித்தான்.

அடுத்த அரையாண்டு லீவில் கொள்ளிடக் கரைப் பக்கம் போனோம். மார்கழி. காலையில் பனி இறங்கி, எதிர்க்கரை தெரியவில்லை. அவருக்கு இப்போது நினைத்த இடத்தில் நிறுத்த வரும். நாணல் பூத்திருந்தால் நிறுத்தினார். மீன்கொத்தி உட்கார்ந்திருந்தால் நிறுத்தினார். ஒன்றுமே இல்லாத இடத்திலும் காலை ஊன்றி நின்று, நான் பக்கத்தில் வரும்வரை திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் வரைக்கும் நாங்கள் மேலூர் எல்லையைக்கூடத் தாண்டவில்லை.