பதினைந்து நாளுக்குள் கட்டினால் குறைவு

அடுத்தவர் வீட்டுக் கடிதத்தை வாசித்துச் சொல்வது என் தொழில்; கெட்ட செய்தி என்றால் தபால்காரரை யாரும் முறைப்பதில்லை, என்னைத்தான் முறைப்பார்கள். பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் ஒரு நகைக்கடையின் மாடியில் எங்கள் கந்தோர். மொழிபெயர்ப்பு, படிவம் நிரப்புதல், பிரதி எடுத்தல். பத்து வயதிலேயே அப்பா அம்மாவுக்குப் பிரெஞ்சு மின்சாரக் கட்டணக் கடிதம் வாசித்துக் காட்டி வளர்ந்த உங்களுக்கு இந்த வேலை தெரியும். நான் சட்டம் படித்து, குடும்பத்தின் முதல் பட்டதாரியாகி, அதே வேலையைச் சம்பளத்துக்குச் செய்கிறேன். இப்போது அடிக்கடி வருவது கஞ்சா புகைத்ததற்கான தண்டக் கடிதம். நீதிபதியும் இல்லை, விசாரணையும் இல்லை. தெருவில் பொலிஸ் பெயரைப் பதிந்தால் கடிதம் வீடு தேடி வரும்.

முதல் கடிதம்

குகன் அண்ணை புறநகர் ஸ்தேனிலிருந்து வந்தார். பிரெஞ்சு உணவகம் ஒன்றில் சமையல் வேலை. மதிய வேலை முடிந்த இடைவேளையில், பின்கதவடியில், கூட வேலை செய்யும் பிரெஞ்சுக்காரன் நீட்டியதை வாங்கி ஒரு இழுவை இழுத்திருக்கிறார். அந்த நேரம் பார்த்துப் பொலிஸ். இருவருக்கும் தண்டம். "அவன் சிரிக்கிறான் தங்கச்சி. தன்னட்டை இதுமாதிரி மூண்டு கிடக்காம்" என்றார். அண்ணைக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் அகதி அட்டைக்காரர். வேறு நாடுகளுக்குப் போகலாம், இலங்கைக்கு மட்டும் முடியாது. கிளிநொச்சியில் அவருடைய அக்கா நோயாக இருக்கிறார். பார்த்துப் பதினெட்டு வருடம். போய்ப் பார்க்கத்தான் பிரெஞ்சுக் குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தார்.

எனக்கு வேலையில் அது மூன்றாவது வாரம். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். பதினைந்து நாளுக்குள் கட்டினால் தொகை குறைவு என்று முன்பக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்தது. "இண்டைக்கே கட்டுங்கோ அண்ணை, பிரச்சினை முடிஞ்சுது" என்றேன். என் கணினியிலேயே கட்டினார். போகும்போது முதலாளியிடம் சொன்னார்: "படிச்ச பிள்ளையெண்டால் இப்பிடித்தான் இருக்கவேணும்."

கனடாத் தங்கை

திரான்சியிலிருந்து ஒரு அம்மா மகனுடைய தண்டக் கடிதத்தைக் கைப்பைக்குள் மடித்து மடித்துச் சின்னதாக்கிக் கொண்டுவந்தார். கூடவே விடுமுறைக்கு வந்திருந்த அவருடைய தங்கை, ரொறொன்ரோக்காரி. தங்கைக்கு நடப்பதே விளங்கவில்லை. "இதுக்கோ தண்டம்? எங்கட தெருமுனையிலை கடை வைச்சு விக்கிறாங்கள் அக்கா. வயசைப் பாத்து, வரியும் எடுத்து, பையிலை போட்டுக் குடுக்கிறாங்கள். பக்கத்துப் பேக்கரியிலைதான் நான் பாண் வாங்கிறனான்."

அக்கா கடிதத்தை விரித்து, கையால் நீவி, என் மேசையில் வைத்தார். பிறகு தங்கையைப் பார்த்துச் சொன்னார்: "நாங்களும் கனடாவுக்கெண்டுதான் ஏஜென்சிக்காரனுக்குக் காசு குடுத்தனாங்கள். அவன் இஞ்சை இறக்கிவிட்டிட்டான்."

பின்பக்கம்

மூன்று மாதம் கழித்து, பிரதி இயந்திரத்தில் அதே மாதிரிக் கடிதம் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அன்றுதான் பின்பக்கத்தைக் கடைசி வரிவரை வாசித்தேன். கட்டினால் குற்றம் ஒப்புக்கொண்ட கணக்கு. பெயர் குற்றப் பதிவில் ஏறும். கட்டாமல் நாற்பத்தைந்து நாளுக்குள் எதிர்த்து எழுதலாம். எதிர்த்திருந்தால் குகன் அண்ணை வென்றிருப்பார் என்று நான் சொல்லமாட்டேன். அவர் இழுத்தது உண்மை. ஆனால் ஒரு நீதிபதி அவர் முகத்தையாவது பார்த்திருப்பார்.

முதலாளியிடம் ஓடினேன். குகன் அண்ணையைக் கூப்பிட்டுச் சொல்லவேண்டும் என்றேன். கட்டிய காசு திரும்பி வராது, வாடிக்கைக்காரர்தான் போவார் என்றார் அவர். நான் தொலைபேசியை எடுத்தேன், வைத்தேன். அடுத்த நாளும் எடுத்தேன், வைத்தேன். முதலாளி சொன்னதை எனக்குச் சாக்காக வைத்துக்கொண்டேன்: "பிள்ளை, நாங்கள் படிவம் நிரப்பிற ஆக்கள். பாவமன்னிப்புக் கேக்கிற ஆக்கள் இல்லை."

நேர்மையான அப்பா

அதற்குப் பிறகு தண்டக் கடிதத்தோடு வந்த எல்லோரிடமும் முதல் வார்த்தையாகச் சொன்னேன்: "கட்டிப்போடாதேங்கோ." பொண்டியிலிருந்து வந்த ஒரு அப்பா சிரித்தார். மகனுக்கு வந்த கடிதத்தைத் தபால்பெட்டியடியில் நின்றே பிரித்து, மனைவி வேலை முடிந்து வருமுன் தொலைபேசியில் கட்டிவிட்டாராம். மகனுக்கே தெரியாதாம். அந்த மகன் விமான நிலையத்தில் காவல் வேலைக்கு விண்ணப்பித்திருந்தான். அந்த வேலைக்குப் பொலிஸ் பதிவைப் பார்ப்பார்கள்.

பின்பக்கத்தை வாசித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எங்கள் ஆட்கள் எல்லோரும் இப்படித்தான்: கடன் வைத்தாலும் வைப்பார்கள், அரசாங்கத்துக்குக் கட்டுவதை ஒரு நாள் பிந்தவிட மாட்டார்கள். அவர் எழும்பிக் கோபமாகவே சொன்னார்: "கட்டாமல் இருக்கிறதுதானே பிள்ளை கள்ளர் வேலை!"

ஒரே செடி

தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்ற புதுச்சேரி ஐயா ஒருவர் கீழ்த்தெருக் கடையில் முழங்கால் வலிக்கு எண்ணெய் வாங்கிக்கொண்டு வருவார். போதைச் சத்து நீக்கிய கஞ்சா எண்ணெய், சட்டப்படியே விற்கிறார்கள். வாசலில் பச்சை இலை விளக்கு. அவருக்குத் தன் தொகுதி எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுதவேண்டுமாம்: போதை உள்ள மற்றதையும் அனுமதி கொடுத்து விற்கட்டும், வயது பார்க்கட்டும், கள்ளக் கூட்டத்தின் கையில் விடவேண்டாம் என்று. அன்றைக்கு நான் தட்டச்சிய வேகத்தைப் பார்த்து அவரே ஆச்சரியப்பட்டார். கையெழுத்துப் போட்டுவிட்டு எண்ணெய்க் குப்பியை ஆட்டிக் காட்டினார்: "ஒரே செடிம்மா. இந்தக் கையில ரசீது, அந்தக் கையில அபராதம். நான் முப்பது வருஷம் முத்திரை குத்தினவன், எனக்கே புரியல."

இரண்டாவது கடிதம்

போன மாதம் குகன் அண்ணை மறுபடியும் வந்தார். உறை ஏற்கெனவே பிரிக்கப்பட்டிருந்தது. வீட்டில் மகள் நன்றாகப் பிரெஞ்சு வாசிப்பாளே என்றேன். "ஓம், அவளிட்டைக் குடுக்க ஏலாது. அதுக்குள்ளை அந்தச் சொல் இருக்கு" என்றார். இருந்தது. போதைப்பொருள் பாவித்ததால் குடியுரிமை விண்ணப்பம் இரண்டு வருடத்துக்குத் தள்ளி வைக்கப்படுகிறது.

முதலாளி உள்ளேதான் இருந்தார். அவருக்கும் கேட்கும்படி சொன்னேன்: கட்டச் சொன்னது நான், பின்பக்கத்தை வாசிக்காமல் சொன்னேன், தெரிந்த பிறகும் உங்களைக் கூப்பிடவில்லை. மேல்முறையீடு எழுத நான் புதுத் தாள் எடுத்தேன். அண்ணை கடிதத்தை ஒருதரம் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். அது வெறுமையாக இருந்தது. கிளிநொச்சி அக்காவிடம் என்ன சொல்வது என்று யோசித்தாரோ, என்னைக் குத்திக்காட்டினாரோ, எனக்கு இன்னும் தெரியாது. மெல்லக் கேட்டார்: "ரெண்டு வருசமோ தங்கச்சி... பதினைஞ்சு நாளுக்குள்ளை கட்டினால் குறைக்க மாட்டினமோ?"

ஒருநாள் இந்த நாட்டிலும் சட்டம் மாறும், தெருமுனையில் கடை திறக்கும், அந்த நல்ல செய்தியின் முன்பக்கத்தை மட்டும் எங்கள் ஆட்களுக்கு வாசித்துச் சொல்ல என்னைப்போல் ஒரு பட்டதாரி கட்டாயம் இருப்பாள்.