ஐந்து கால் பின்னல்

எனக்கு எண்பத்திரண்டு வயதாகிறது. பெற்றது நாலு, நாத்தனார் பிள்ளை ஒருவனையும் சேர்த்து ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். கையெழுத்துப் போடுவேன், பஸ் நம்பர் படிப்பேன், அதற்கு மேல் எழுத வராது. அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி ரம்யா எழுதுகிறாள். ஆவி, பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போகிறவள் நான். இன்றைக்கும் அப்படித்தான். நடந்ததைச் சொல்கிறேன், நம்புவது உங்கள் இஷ்டம்.

எழுபதுகளில் கல்கத்தா லேக் கார்டன்ஸில் ஒரு வங்காளி வீட்டு மாடியில் குடியிருந்தோம். கீழே வீட்டுச் சொந்தக்காரி, வயதான விதவை, தெருவுக்கே மாஷிமா, சித்தி என்று அர்த்தம்; கூட மகனும் மருமகளும். நவராத்திரியில் என் கொலுச் சுண்டல் கீழே போகும், அவர்கள் தேங்காய் உருண்டை மேலே வரும், பேச்சு மட்டும் போகாது வராது. கரியாஹாட் சந்தையில் கத்திரிக்காய் பேரம் பேசுகிற அளவுதான் என் வங்காளம். நாங்கள் பேசுவது டின்னில் கல்லைப் போட்டு உலுக்குகிற மாதிரி இருக்கிறது என்று மாஷிமா சொன்னதை மருமகள் சிரித்துக்கொண்டே இந்தியில் எனக்குச் சொன்னாள். அவர்கள் மீன் வாசனையைப் பற்றி நான் சொன்னது நல்லவேளையாகத் தமிழில் இருந்தது.

அந்த வருடம் துர்கா பூஜை முடிந்ததும் மாடியைக் காலி செய்ய வேண்டும் என்று மாஷிமா சொல்லியனுப்பிவிட்டார். என் பெரியவனுக்கு வருகிற மார்ச்சில் பள்ளி இறுதிப் பரீட்சை. என் கணவர் மாஷிமாவின் மகனிடம் இங்கிலீஷில் கேட்டுப் பார்த்துவிட்டுத் தொங்கிய முகத்தோடு வந்தார். நான் மாஷிமாவிடம் நேரே கேட்டால் மனம் இரங்குவார் என்று எனக்குப் பட்டது. ஆனால் எந்தப் பாஷையில் கேட்பது? மருமகளை நடுவில் வைத்து இந்தியில் கேட்டால் அது நேரே கேட்டதாகாது.

விஜயதசமி அன்று அம்மனை ஆற்றில் கரைத்துவிட்டு வந்ததும் பெரியவர்கள் காலைத் தொடுவார்கள், மனஸ்தாபம் இருந்தால் மறப்பார்கள். அன்று சாயங்காலம் நானும் இறங்கிப் போய் நமஸ்காரம் செய்தேன். மாஷிமா என் தலையில் கை வைத்தார். எனக்கு ஒரு வார்த்தை எழும்பவில்லை. மருமகள் ஒரு செம்பு நிறையப் பச்சை நிறத்தில் பால் கொடுத்து, உங்கள் வீட்டுக்காரருக்கும் கொடுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள் என்றாள். சோம்பும் பாதாமும் மணந்தது. மேலே வந்தால் இவர் நெஞ்செரிச்சல், வேண்டாம் என்றார். அம்மனுக்கு வைத்ததாயிற்றே, பிரசாதத்தைத் தொட்டியில் கொட்டுகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது, செம்பு மொத்தத்தையும் நானே குடித்தேன். அதில் பாங் என்கிற கஞ்சா இலை அரைத்துக் கலந்திருக்கும், அன்றைக்கு ஒரு மடக்கு குடிப்பது அவர்கள் சம்பிரதாயம் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கொலுப் பொம்மை ஒன்றைப் படுக்கவைக்கப் போனேன், கை இறங்கிக்கொண்டே இருந்தது, தரை வரவே இல்லை. நாக்கு பஞ்சாகிவிட்டது. ஃபேன் சத்தம் மஞ்சளாக இருந்தது. சத்தம் எப்படிப் பாட்டி மஞ்சளாகும் என்கிறாள் ரம்யா. ஆயிற்று, வேறென்ன சொல்ல. செம்பைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாதே என்று சுண்டலைப் போட்டு எடுத்துக்கொண்டு மறுபடி இறங்கினேன்.

மாஷிமா கூடத்தில் தலையை விரித்துப்போட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார், அந்த வயதிலும் இடுப்பு வரை வெள்ளை முடி. நான் செம்பை வைத்துவிட்டு அவர் பின்னால் உட்கார்ந்து பின்ன ஆரம்பித்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். அவர் திரும்ப முயன்றார். என் வாய் சொன்னது:

"டுனு, லொரிஷ் நா."

டுனு, அசையாதே என்று அர்த்தமாம். மாஷிமா அப்படியே உட்கார்ந்துவிட்டார், தோள் மட்டும் குலுங்கியது. நான் பின்னி முடித்து அங்கேயே தூங்கிப்போனேனாம்.

மறுநாள் வெட்கத்தில் நான் கீழே போகவில்லை. மாஷிமாவே முட்டி வலியோடு படியேறி வந்தார், பின்னலை அவிழ்க்காமல். மருமகள்தான் ஒவ்வொன்றாக எனக்கு விளக்கினாள். பிரிவினையின்போது மாஷிமா இந்தப் பக்கம் வந்துவிட, அம்மா கிழக்கு வங்காளத்திலேயே இருந்து இறந்துபோனாராம். அந்த அம்மா கூப்பிட்ட பெயர் டுனு. மருமகளுக்கே அன்றுதான் தெரியும். பூஜை நாளில் அம்மா இப்படித்தான் பின்னிவிடுவாராம், ஐந்து காலாகப் பிரித்து. எனக்கு மூன்று கால் பின்னல்தான் தெரியும்.

மாஷிமா என் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். மருமகள் இந்தியில் சொன்னாள்: "பையன் இங்கிருந்தே பரீட்சை எழுதட்டுமாம். உங்களை எங்கேயும் போகக் கூடாது என்கிறார்."

நான் கேட்கவே இல்லை, பாருங்கள். என் கடைசிப் பெண் கல்யாணமாகிப் போனதும் அந்த மாடியிலிருந்துதான். மத்தியானங்களில் மாஷிமா வந்து எனக்கு முதுகைக் காட்டி உட்காருவார், லோக்கல் ரயில் போகிற சத்தம் கேட்கும், இரண்டு பேரும் ஒன்றும் பேச மாட்டோம். அந்த மாதிரி மத்தியானம் இப்போது எங்கே வருகிறது.

என் கணவருடைய சிநேகிதர் ஒரு டாக்டர், அவர் சொன்னார்: "அந்த இலை மூளையோட மூடியைத் திறந்து விட்டுடும் மாமி. வருஷக்கணக்கா ஜன்னல் வழியா காதுல விழுந்ததெல்லாம் உள்ளே கிடக்கும், அது வெளியே வந்திருக்கு." இருக்கலாம். மாஷிமாவின் ஊரிலிருந்து வந்த யாராவது டுனு என்று கூப்பிட்டது என் காதில் விழுந்திருக்கலாம். ஆனால் காது கேட்கும், கை எங்கே கேட்டது?

இன்றைக்கும் நான் பார்த்துக்கொண்டு பின்னினால் மூன்று கால்தான் வரும். வேறெங்கோ பார்த்தால் விரல் தானாக ஐந்தாகப் பிரிக்கிறது. விரல் மடங்காத இந்த வயதிலும் அந்த ஐந்துக்கு மட்டும் வலிப்பதில்லை.

போதும் ரம்யா. திரும்பி உட்கார்ந்து எழுதினதையெல்லாம் ஒரு தடவை படி. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உனக்குப் பின்னிவிடுகிறேன். அசையாதே.