ஒரே பெயரில் இரண்டு லைட்

ஹோல் லைட்டைப் போடச் சொன்னால், எங்கள் வீட்டுப் பேசும் ஸ்பீக்கர் சில நாளாக ஒரே கேள்வியைத்தான் கேட்கிறது.

"அந்தப் பெயரில் இரண்டு இருக்கின்றன. எது?"

ஹோலில் இருப்பது ஒரு பல்ப்தான்.

இன்றைக்கு அதைச் சரிசெய்யப் புத்தளத்திலிருந்து, முதலில் அதைப் பொருத்தித் தந்த கடைக்கார நானா எங்கள் கண்டக்குழிக்கு வந்தார். வாப்பா மௌத்தான பிறகு உம்மா, கணவனை இழந்தவர் அந்நிய ஆண்கள் முன் வராமல் இருக்கும் இத்தாவில் இருக்கிறார். அதனால் நானா உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியே காற்றில் நின்றபடி போனில் சொன்னார். நான் ஹோலில் நின்று என் போன் ஆப்பில் செய்தேன்.

"தங்கச்சி, ஒண்டு வாப்பாட போன்ல இருந்து சேர்த்தது. மற்றது நீங்க பிறகு சேர்த்தது. வாப்பாட போன் ஓஃப் தானே, அதுதான் அந்த லைட் வேலை செய்யாம காட்டுது. அத அழிங்க."

இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே படம். ஒன்றை அழித்தேன்.

அழிந்தது என்னுடையது.

"நான் உள்ளுக்கு வந்து பார்த்திருந்தா இப்படி ஆகியிராது," என்றார் நானா. "பரவாயில்ல. மற்றதையும் அழிச்சிட்டு புதுசா சேர்ப்பம்."

அறைக்குள் இருந்து உம்மா கேட்டார். "மற்றது எது மகள்?"

"வாப்பாட."

"அது கிடக்கட்டும்."

கேட்டடியில் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு நானா போய்விட்டார்.

இப்போது ஸ்பீக்கர் எது என்று கேட்பதில்லை. லைட்டைப் போடச் சொன்னால், அந்த லைட் பதில் தரவில்லை என்கிறது.

எழும்பிப் போய் சுவிட்சைத் தட்டினேன்.

உங்கள் வீடுகளில் சொன்னவுடனே எரிகிறதா?