நான் எழுதாத முப்பது பேர்

படத்தில் ஓடுவதற்கு நான் எழுதியது பத்துப் பேர். யார் கேட்டாலும் காட்டுவேன், பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது.

சுனாமி வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. வடக்கே யுத்தம் முடிந்துகொண்டிருந்தது. கந்தோரில் இலிகிதராக இருந்த எனக்குக் கோப்புகளுக்கு நடுவே கதை எழுதும் வருத்தம் பிடித்திருந்தது. எங்கள் ஊர்க் கலியாண வீடியோக்காரனிடம் ஒரு கமெராவும், கலியாணம் இல்லாத ஒரு மாதமும் இருந்தன. இருவரும் சேர்ந்து அரை மணித்தியாலத்துக்கு ஒரு சுனாமிப் படம் எடுக்கத் துணிந்தோம்.

எடுத்தது எங்கள் வீட்டுத் தெருவில். எங்கள் வீடு என்றா சொன்னேன்? மனைவியின் வீடு. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருக்க வேண்டும். வீடு அவளுடைய சீதனம். அதே வளவில் அவளுடைய மூன்று சகோதரிகளின் வீடுகள். அங்கே எனக்கென்று இருந்தது ஒரு சூட்கேஸ். மனைவியின் மனம் முறிந்தால் அதைத் தூக்கிக்கொண்டு உம்மா வீட்டுக்கு நடக்க வேண்டியதுதான். நாற்பத்தைந்து வயதில் அப்படி நடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தெருவே எழும்பி நின்று பார்க்கும்.

கமெரா தெருவின் மேல் முனையில், கடலைப் பார்த்து நின்றது. கீழே, கரையில் இழுத்து வைத்த தோணிக்குப் பின்னால் லேஞ்சிக் கைக்குட்டையோடு நான். நான் லேஞ்சியை அசைத்தால் பத்துப் பேரும் "கடல் வருது!" என்று கத்திக்கொண்டு கமெராவை நோக்கி ஓட வேண்டும். தெருவில் எல்லா வீட்டுக்கும் சொல்லியிருந்தோம். மீன்பிடிக்காரர் தங்கும் பக்கத்து மீன்வாடிக்குச் சொல்ல மறந்துவிட்டோம்.

அந்தச் சொல்லைக் கேட்டு எங்கள் ஊரில் யாரும் "மெய்யா?" என்று விசாரிப்பதில்லை. நாலு வருஷத்துக்கு முன் நின்று விசாரித்தவர்கள் இப்போது இல்லை. மீன்வாடியில் இருந்தவர்கள் அப்படியே வந்து தெருவில் பாய்ந்தார்கள்.

நான் எண்ணினேன். நாற்பது பேர். பத்துப் பேரை எழுதியது நான், சரி. மிச்சம் முப்பது பேரை யார் எழுதியது? நான் எழுதாதவர்கள் ஓடுகிறார்கள் என்றால் கடல் மெய்யாகவே வருகிறது! என் மூளை அவ்வளவுதான் வேலை செய்தது. பிறகு கால்கள் பொறுப்பெடுத்தன.

"உம்மோ!" என்று அலறிக்கொண்டு நடிகர்களை முந்தினேன். பாதி வழியில் எங்கள் வீட்டு வாசல் கேற். கேற்றடியில் மனைவி. அவளைக் கண்டேன். கண்டுகொண்டே கடந்தேன். பெரிய ரோட்டையும் தாண்டி வயல் வந்த பிறகுதான் நின்றேன். வீடியோக்காரன் எனக்கு முன்னமே அங்கே நின்றான். கமெரா மட்டும் தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது.

வீட்டுக்குத் திரும்பி, "ஒன்னத்தான் தேடித் தேடி ஓடின. சனத்துக்குள்ள காணல்ல, புள்ள" என்றேன்.

"ஓம்" என்றாள் மனைவி.

அடுத்த நாளே வீடியோக்காரனிடம் போனேன். "அத அழி."

"காக்கா, படத்துல நல்ல நடிப்பு அது ஒண்டுதான்."

கெஞ்சி நாடாவை வாங்கி வந்தேன். அதற்குள் அது கம்பியூட்டரில் ஏறியிருந்தது. கம்பியூட்டரில் அழிக்க வைத்தேன். அதற்குள் வீசீடியாக வெளியேறியிருந்தது. வீசீடியில் நான் மெதுவாக, அந்தரத்தில் மிதப்பதுபோல ஓடினேன். பின்னால் சோக வயலின். கடைகடையாக ஏறி இறங்கி வீசீடிகளைச் சேர்த்தேன். அதற்குள் வயலினைக் கழற்றிவிட்டு, இருபது செக்கனாக வெட்டி, புளூடூத்தில் போனுக்குப் போன் பறக்கவிட்டிருந்தார்கள். காற்றில் போவதை எப்படிச் சேர்ப்பது?

அக்கரைப்பற்று பஸ்ஸில் ஒரு நாள் பின் சீற்றில் யாரோ "உம்மோ!" என்று அலறினார்கள். திடுக்கிட்டு எழும்பினேன். ஒருவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, "ஹலோ, அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார்.

தேத்தண்ணிக் கடையில் பாலமுனைக்காரர் ஒருவர், ஆள் நான்தான் என்று தெரியாமல், என் கதையை எனக்கே சொன்னார்.

"கக்கத்துல ஒரு கோழி. பொஞ்சாதிய உட்டுட்டுக் கோழியத் தூக்கிட்டு ஓடுறான், ஹறாங்குட்டி!"

"கோழியா? போன்ல கோழி இல்லயே."

"நீங்க பாத்தது துண்டு. முழுப்படத்துல இரிக்கி."

அன்றிரவு, நான் உண்மையிலேயே கோழி ஏதும் தூக்கினேனோ என்று எனக்கே ஐமிச்சம் வந்துவிட்டது. ஆனால் ஊரெல்லாம் பார்த்த அந்தத் துண்டில் கேற்றடியில் நிற்பவளை நான் கண்டுகொண்டே ஓடுவதை மனைவி பார்த்துவிட்டால் என் கதி என்ன? அந்த ஒரே பயத்தில் இரண்டு மாதம் வீட்டில் யாருடைய போன் மணி அடித்தாலும் முதலில் ஓடிப்போய் எடுத்தவன் நான்.

ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து, சாப்பாடும் முடிந்து, சகோதரிகள் நாலு பேரும் ஒன்றாக இருந்தார்கள். மனைவியின் கடைசித் தங்கச்சி போனை நீட்டினாள்.

"ராத்தா, இது மச்சான்தானே? இது நீங்கதானே?"

நான் சீலிங் ஃபேனை ஆராய்ந்தேன்.

மனைவி பார்த்தாள். "இத நான் எப்பவோ பாத்துட்டன்."

"ஆரு காட்டின?" என்றேன். குரல் கீச்சென்று வந்தது.

"ஆரு காட்டணும்? கேற்றடியில நிண்டது நான்தானே? நீங்க என்ட மொகத்தப் பாத்துட்டுத்தான் ஓடின."

இரண்டு மாதமாக நான் ஊரெல்லாம் ஓடி ஒளித்தது, நேரில் பார்த்த ஒரே ஆளிடமிருந்து. நாலு பேரில் மூத்த ராத்தா என்னை ஒரு பார்வை பார்த்தார். தீர்ப்பு என் மனைவியின் வாயிலிருந்து வர வேண்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

"சத்தத்தக் கொற. கதைய நான் சொல்றன்" என்றாள் மனைவி. "இந்தா ஓடுறாரு. இந்தா என்னப் பாக்காரு. இந்தா போயிட்டாரு. படம் இதோட முடிஞ்சி, என்ன? இதுக்குப் பொறகு நடந்தது ஒங்களுக்குத் தெரியா. திரும்பி வந்தாரு."

"எவ்வளவு நேரத்தால?" என்றார் மூத்த ராத்தா.

"ஒடனேதான்" என்றாள், கண் இமைக்காமல்.

நான் திரும்பி வந்தது ஒன்றரை மணித்தியாலம் கழித்து. வயலடிக் கடையில் இரண்டு பிளேன்ரீயும் குடித்திருந்தேன். அதை அவள் அறிவாள். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு கேற்றடியில் நின்றவள் அவள்தான்.

மூத்த ராத்தா "ம்" என்றார்.

"இஞ்ச, அத என்ட போனுக்கும் அனுப்பு" என்றாள் மனைவி. தங்கச்சி புளூடூத்தைத் திறந்தாள். இரண்டு போன்களும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அது இறங்கி முடியும்வரை நான் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.