பச்சை பூசிய கட்டை

“உங்க அண்ணன் குதிரைய அடிச்சே கொன்னுட்டாராமே?” என்று கேட்டார் லாரி டிரைவர்.

முடிவெட்டும் கடையில் கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நான், கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர். என்னைப் போலவே கடல் தாண்டிப் பிழைக்க வந்தவர். செய்தியை அவருக்குச் சொன்னது ஊரிலிருக்கும் அவருடைய மச்சான். மச்சானுக்கு யார் சொன்னது என்று கேட்டேன்.

“யாராவது சொல்லியிருப்பாங்க. ஊர் முழுக்கப் பேச்சாம். சாட்டையால விளாசிட்டாராம்.”

“எங்கண்ணன்கிட்ட சாட்டையே கிடையாதுங்க.”

“அப்போ கம்பா இருக்கும்,” என்று சொல்லிவிட்டு, மீசையை மட்டும் கொஞ்சம் குறைக்கும்படி கடைக்காரரிடம் திரும்பிவிட்டார்.

பாதி வெட்டிய தலையோடு எழுந்து போக முடியாது. அந்தப் பத்து நிமிடமும் அண்ணனின் கைகளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் ஆற்றோரப் பண்ணை ஒன்றில் இருபத்திரண்டு வருடமாகக் குதிரை ஏர் ஓட்டுகிறார். அங்கே மண் களி. டிராக்டர் இறங்கினால் அச்சு வரை புதைந்து, அதை இழுக்க இன்னொரு டிராக்டர் வந்து அதுவும் புதையும். அதனால் அந்த நிலத்துக்குக் குதிரைதான். கலப்பை, பரம்பு, உருளை எல்லாம் இரண்டு குதிரைகளுக்குப் பின்னால் போகும். பெண் குதிரைக்கு மூத்தவள் என்று பெயர். வயதானவள், ஒரு முன்னங்காலில் பழைய வீக்கம். மற்றவன் அவசரம். பெயருக்கு ஏற்றவன், வண்டியில் பூட்டுவதற்குள் பாதி வழி போயிருப்பான்.

இந்த இரண்டையும் ஒன்றாக இழுக்க வைப்பதுதான் அண்ணனுடைய வேலை. அதற்கு அவர் நம்பியது ஒரு மரக்கட்டையை. குதிரைகளுக்குப் பின்னால், கலப்பைக்கு முன்னால், குறுக்கே கிடக்கும் இழுவைக்கட்டை. அதன் ஒரு முனையில் ஒரு குதிரையின் வார், மறு முனையில் மற்றதன் வார். நடுவில் ஒரு துளை. அதில் முளையைப் போட்டுக் கலப்பையோடு பிணைப்பார்கள். துளை சரியாக நடுவில் இருந்தால் இரண்டும் சமமாக இழுக்கும். சமமாக இழுத்தால் மூத்தவள் மதியத்துக்குள் மூச்சு வாங்கிவிடுவாள். அண்ணன் துளையை நடுவிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளிப் போட்டிருந்தார். நீளமான பக்கம் மூத்தவளுக்கு, குட்டையான பக்கம் அவசரத்துக்கு. நீளமான பக்கத்தில் இழுப்பவருக்குப் பாரம் குறைவு. நூறு பங்கில் நாற்பத்தைந்து அவளுக்கு, ஐம்பத்தைந்து அவனுக்கு. அப்படியும் அவள் அவனோடு தோளுக்குத் தோள் நடந்தாள்; தனக்குச் சலுகை கிடைப்பது அவளுக்குத் தெரியாது.

ஊரில் அண்ணனைத் ‘தராசு’ என்றுதான் கூப்பிடுவார்கள். டீக்கடைக்குள் நுழைந்தாலே, “தராசு வந்துட்டாரு, பாத்து ஊத்துப்பா, ஒரு சொட்டு கூடிரப் போகுது” என்று ஒரு குரல் எழும். கல்யாணமான புதிதில் அண்ணி சொல்லிச் சிரித்தார்: “கட்டில்ல கூட உங்கண்ணன் நடுவுல கோடு போட்டுத்தான் படுக்கிறாரு தம்பி. ஆனா கோட்டை அவரு பக்கமாத் தள்ளிப் போட்டுக்கிறாரு.”

அந்தப் பழக்கம் எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். சின்ன வயதில் குழாயடியிலிருந்து தண்ணீர் கொண்டுவர ஒரு கழியின் நடுவில் வாளியைத் தொங்கவிட்டு, முன்னால் நானும் பின்னால் அவருமாகத் தூக்குவோம். எனக்குக் கனக்கவே கனக்காது. நான் பலசாலி என்று வெகு நாள் நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில், வேறொரு மொழியில், நெம்புகோல் பாடம் நடந்த அன்றுதான் புரிந்தது: பின்னால் வருகிறவர் ஒவ்வொரு நாளும் வாளியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டிருக்கிறார். வீட்டுக்கு ஓடிவந்து சூத்திரத்தைச் சொன்னேன். “அதுக்கு ஒரு பேரெல்லாம் வச்சிருக்காங்களா?” என்றார். அந்த வருடம்தான் அவர் படிப்பை விட்டுவிட்டுப் பண்ணைக்குப் போனார். நான் இரண்டு மொழியிலும் படித்தேன்.

முடிவெட்டும் கடையிலிருந்து வெளியே வந்ததும் அண்ணனுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. அண்ணிக்கு அடித்தேன்.

“அடிச்சாரா? யாரு சொன்னா அந்தப் பாவத்தை?” என்றார் அண்ணி. “குரல் கொடுத்தாரு தம்பி. அவ்வளவுதான். இருபத்திரண்டு வருசத்துல மொத தடவையா மூத்தவகிட்ட குரல உசத்துனாரு. கடிவாள வாரால முதுகுல ஒரு தட்டு தட்டுனாரு. அதுக்குத்தான் அழுறாரு.”

நடந்ததை அண்ணி சொன்னார். விடுமுறை முடிந்து நான் ஊரிலிருந்து கிளம்பியதும் மூன்று நாள் மழை. நாலாம் நாள் உருளைக்கிழங்குக்கு உழவு. முதல் நாளே மூத்தவள் பின்தங்கினாள். கட்டை கோணலாக வந்தது. அண்ணன் ஏரை நிறுத்தி, கழுத்துப்பட்டையைப் பார்த்தார், லாடத்தைப் பார்த்தார், வீங்கிய காலைத் தடவினார். வயதாகிவிட்டது என்று நினைத்தார். இரண்டாம் நாள் அடிக்கொரு முறை நின்று நின்று ஓட்டினார். மூன்றாம் நாள் பாதி வயலில் அவள் நின்றுவிட, “நடடி!” என்று கத்தினார். அவள் தலையைக் குனிந்து, முழு உடம்பையும் கழுத்துப்பட்டையில் சாய்த்து, சாலின் கடைசி வரை இழுத்தாள். வரப்பில் முட்டி போட்டாள். பிறகு எழவில்லை.

“அவ இழுக்க மாட்டேங்கிறான்னுதான் நெனச்சேன்னு சொல்லிச் சொல்லி மாயுறாரு,” என்றார் அண்ணி. “முதலாளி குதிரைலாயம் பக்கம் வர வேணாம், கொஞ்ச நாள் வெங்காயக் கொட்டகையில இருங்கன்னு சொல்லிட்டாரு. அங்க உக்காந்து அழுகினதைப் பொறுக்கிக்கிட்டு இருக்காரு. ஊர்ல வாய்க்கு வந்தபடி பேசுறாங்க.”

நான் கேட்டுக்கொண்டே நடந்தவன், நடைபாதையில் நின்றுவிட்டேன்.

“அண்ணி, அந்தக் கட்டை... நான் பச்சை பெயிண்ட் அடிச்சேனே, அதைத்தான் பூட்டினாரா?”

“வேற எது இருக்கு? அதான்.”

விடுமுறையில் போயிருந்த இரண்டு வாரமும் எனக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. எதைத் தொட்டாலும், “விடு, நீ விருந்தாளி” என்றார் அண்ணன். கிளம்புவதற்கு முதல் நாள் அவர் லாடக்காரரைப் பார்க்கப் போயிருந்தபோது, பண்ணைக் கொட்டகையில் கலப்பையோடு கிடந்த கட்டையைக் கழற்றினேன். வெயிலில் வெளிறி, வெடிப்பு விட்டிருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டி வைத்து வெடிப்பை அடைத்து, இரண்டு கை பச்சை பூசினேன். ஒரு முனையில் சூடான ஆணியால் சுட்ட மாதிரி சின்னக் குழி ஒன்று இருந்தது. அதையும் பட்டி வைத்து அடைத்தேன். காய்ந்ததும் நானே பூட்டி வைத்தேன், கலப்பைக்கு எதிரே நின்று, அதன் முகத்தைப் பார்த்தபடி.

அண்ணன் வந்து பார்த்துச் சிரித்தார். “என்னடா, கட்டைக்குக் கல்யாணமா?” பெருவிரல் தானாகக் கட்டையின் இடது முனைக்குப் போனது. அங்கே எதையோ தேடியது. வழவழவென்று பெயிண்ட்.

“முன்ன இருந்த மாதிரியேதாண்ணே மாட்டியிருக்கேன்.”

“நீ மாட்டினா சரியாத்தான் இருக்கும்,” என்றார்.

ஓட்டுகிறவர் பின்னால் நிற்பார். நான் முன்னால் நின்றேன். அவருக்கு இடது என்பது எனக்கு வலது. நீளமான பக்கத்தை நான் அவசரத்துக்குக் கொடுத்துவிட்டேன். மூன்று நாளும் அந்த ஈரக் களியில் பெரும் பங்கை இழுத்தது மூத்தவள்.

“அண்ணி,” என்றேன். “கொட்டகைக்குப் போய்க் கட்டையப் பாக்கறீங்களா? துளை எந்தக் குதிரை பக்கத்து முனைக்குக் கிட்ட இருக்குன்னு...”

அந்தப் பக்கம் அடுப்பில் எதுவோ கொதிக்கும் ஒலி மட்டும் கேட்டது.

“அவரு அன்னிக்கே பாத்துட்டாரு தம்பி. அவளப் புதைச்சிட்டு வந்து, சாண் போட்டு அளந்தாரு. ரெண்டு பக்கமும். திரும்பத் திரும்ப அளந்தாரு. நான் என்னன்னு கேட்டேன். ஒண்ணுமில்லன்னாரு.”

“முதலாளிகிட்ட?”

“கட்டைய மாத்திப் பூட்டிட்டேன், என் தப்புன்னு சொன்னாரு. உங்க பேர எடுக்கல.” பிறகு, மெதுவாக: “நானும் எடுக்கல.”

அப்போதுதான் தெரிந்தது, அண்ணிக்கும் தெரியும் என்று. என்னோடு பேசிய அந்தக் கால் மணி நேரமும் தெரிந்துகொண்டேதான் பேசியிருக்கிறார்.

அன்று வேலைக்குப் போனேன். மேசையில் உட்கார்ந்து, மொழிபெயர்க்க வேண்டிய ஒரு பக்கத்தை நான்கு முறை படித்தேன். அண்ணனுக்கு மதியம் அடித்தேன், மறுநாள் அடித்தேன், அதற்கு மறுநாளும். எடுக்கவில்லை. குறுஞ்செய்தி எழுதி எழுதி அழித்தேன். இரண்டு மொழியிலும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் எழுதினால் அறிக்கை மாதிரி இருந்தது. இன்னொன்றில் எழுதினால், மன்னிப்பைக் கேட்டுவிட்டு அவரையே என்னைத் தேற்றச் சொல்கிற மாதிரி இருந்தது. வாளியை மறுபடி அவர் பக்கம் தள்ளுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

நாலாம் நாள் பண்ணை முதலாளிக்குப் போன் செய்தேன். சின்ன வயதிலிருந்து என்னைத் தெரிந்தவர். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன்: உப்புத்தாள், பட்டி, பச்சை, நின்ற திசை.

அவர் கேட்டு முடித்துவிட்டு, “அந்தச் சூட்டுப் புள்ளிய நான் பாத்திருக்கேன்,” என்றார். “மூத்தவ பக்கம் எதுன்னு இருட்டுல கூடத் தெரியணும்னு போட்டிருந்தாரு. அத அடைச்சது நீங்களா?”

“நான்தாங்க. தப்பு என்னோடது. அண்ணனத் திரும்ப லாயத்துக்குக் கூப்பிடுங்க.”

“தம்பி, யாரு பூட்டினா என்ன, ஓட்டுனது அவரு. கட்டை கோணலா வந்தா நின்னு பாக்கணும்ல? அதத்தான் நான் கேட்டேன். அவரு என்ன சொன்னாரு தெரியுமா? ‘கட்டை மேல எனக்குச் சந்தேகமே வரல முதலாளி. அவ மேலதான் வந்துச்சு’ன்னாரு. அதுக்கப்புறம் என்னால ஒண்ணும் கேட்க முடியல.”

அவரே தொடர்ந்தார்.

“நான் போகச் சொன்னது ஒரு வாரத்துக்குத்தான். கோபம். யாருக்குத்தான் இருக்காது? நேத்தே வரச் சொல்லி ஆள் அனுப்பினேன். வர மாட்டேங்கிறாரு. திங்கட்கிழமை புதுக் குதிரை ஒண்ணு வருது. சின்னது. அவசரத்தோட ஜோடி சேக்கணும். துளைய எங்க போடறதுன்னு அவரத் தவிர இங்க எவனுக்கும் தெரியாது. திங்கட்கிழமையும் அவரு வரலேன்னா நான் வேற ஆளத்தான் பாக்கணும். இதை நான் சொன்னா அவரு காதுல ஏறாது. நீங்க சொல்லுங்க.”

“எடுக்க மாட்டேங்கிறாருங்க.”

“எடுக்கிற வரைக்கும் அடிங்க,” என்று சொல்லி வைத்துவிட்டார்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. எனக்குக் காலை, அவருக்கு மதியம். காலையிலேயே அண்ணி செய்தி அனுப்பியிருந்தார். அண்ணன் ஞாயிற்றுக்கிழமையும் வெங்காயக் கொட்டகைக்குப் போகிறாராம். அங்கே வேலை இல்லை. சாக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறாராம். நேற்று அவசரம் லாயத்தின் கதவை உதைத்து உதைத்துப் பலகையைப் பெயர்த்துவிட்டான். கொட்டகையிலிருந்து அந்தச் சத்தம் நன்றாகக் கேட்கும். அண்ணன் எழுந்து வாசல் வரை வந்து நின்றிருக்கிறார். பிறகு திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார். கடைசி வரியில் அண்ணி இப்படி எழுதியிருந்தார்: ‘அந்தக் கட்டையை வீட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டார். கத்தியால அந்த இடத்துல மட்டும் பச்சையைச் சுரண்டியிருக்கார். புள்ளி தெரியுது.’

அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. மறுபடி பூட்டப் போகிறவரும் சுரண்டுவார். தன் தப்பைத் தினமும் பார்க்க நினைக்கிறவரும் சுரண்டுவார்.

சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். மூன்றே வரி. தப்பு என்னுடையது. முதலாளியிடம் சொல்லிவிட்டேன். நாளைக்குச் சின்னக் குதிரை வருகிறது, அதன் பங்கைக் குறைத்துக் கொடுக்க ஆள் இல்லை. மூன்றாவது வரிக்கு மட்டும்தான் அவர் அசைவார் என்று தோன்றியது. அதனால் தாளைத் திருப்பி, அதையே முதலில் எழுதினேன்.

எண்ணை அழுத்தினேன். அண்ணனின் போன் சட்டைப்பையில் இருக்கும். மணி பெரிதாகக் கேட்க வேண்டும் என்று அண்ணிதான் வைத்துக் கொடுத்திருக்கிறார். ஆளில்லாத கொட்டகையில் அது இப்போது எல்லாச் சாக்குகளுக்கும் கேட்டுக்கொண்டிருக்கும். நாலு, ஐந்து. திரையில் என் பெயர் தெரியும். ஆறு. ஒருவேளை அதையும் பெருவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறாரோ என்னவோ. ஏழு. தாளை இன்னும் கையில் பிடித்திருக்கிறேன். எட்டு.