அவள் மறுசோறு கேட்ட நாள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பங்குனி உத்திரக் கூட்டமெல்லாம் ஓய்ந்தபிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். பெரிய காஞ்சிபுரத்தில் புதிதாகத் திறந்திருந்த மலையாளி ஓட்டலுக்கு அம்மா, நான், என் மனைவி, தம்பி மனைவி என்று நாலு பேர் சாப்பிடப் போனோம். ஐந்தாவதாக வரவேண்டிய தம்பி, அதற்கு முந்தின ஐப்பசி மழையில் பைக் சறுக்கி விழுந்தவன், எழுந்திருக்கவே இல்லை.

தம்பி மனைவிக்குக் கோட்டயம் பக்கம். இங்கே நர்ஸ் வேலைக்கு வந்த இடத்தில் காதல், கல்யாணம். மூன்று வருஷமாக எங்களோடு செவிலிமேட்டு வீட்டில்தான் இருந்தாள். ஊருக்கு அழைத்துப்போக அவள் அப்பா அடுத்த வாரம் வருவதாக இருந்தது. "அத்தை இருன்னு சொன்னா இருக்கேன்" என்று அவள் சொல்லிவிட்டாள். அம்மாவுக்கும் அனுப்ப மனசில்லை. ஆனால் வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. அதனால் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

"நீதான் பொடவ விக்கறவனாச்சே. நல்லா சாப்பிட வெச்சி, பதமா எடுத்துச் சொல்லுடா, இங்கியே இருக்கட்டும்" என்றார் அம்மா.

நான் பட்டுக்கடை சேல்ஸ்மேன். 'சும்மா பார்க்க வந்தோம்' என்பவர்களைக் கல்யாணப் புடவையோடு அனுப்பிவைக்கிற வாய் என்னுடையது. வீட்டில்தான் அது எடுபடாது.

உட்கார்ந்ததும் இளஞ்சிவப்பாக வெந்நீர் வைத்தார்கள். "இன்னாபா, சாயத் தொட்டியில மொண்டு வந்துட்டியா?" என்றேன். சர்வர் முழித்தார்.

"மூலிகைத் தண்ணி சேட்டா, குடிங்க" என்றாள் தம்பி மனைவி; அண்ணன் என்பதை அவள் அப்படித்தான் சொல்வாள். சிரிக்கவில்லை. அவள் சிரித்தே ஆறு மாசம் ஆகியிருந்தது.

சோறும் மண்சட்டியில் மீன் கறியும் வந்தன. குழம்பில் கறுப்பாக, கொழுகொழுவென்று ஒரு துண்டு மிதந்தது. நல்ல துண்டு, மனைவி பார்ப்பதற்குள் முடித்துவிடுவோம் என்று வாயில் போட்டு ஒரே கடி. கண் இரண்டும் தானாக மூடிக்கொண்டன. காது வரைக்கும் புளிப்பு ஏறியது.

"அய்யோ சேட்டா! அது குடம்புளி! அதை ஒதுக்கி வெக்கணும்!"

"யாருக்கும் குடுக்காம தின்னா இப்படித்தான்" என்றாள் என் மனைவி.

தம்பி மனைவி வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். மூச்சு வாங்கியபடி சொன்னாள்: "அவரும் எங்க வீட்டுக்கு முதல்ல வந்தப்ப இதையேதான் கடிச்சார். துப்பினா அப்பா பொண்ணு தரமாட்டார்னு அப்படியே முழுங்கிட்டார்."

எல்லோரும் சிரித்தோம். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம்தான் அவள் சாப்பிட ஆரம்பித்தாள். எங்கள் வீட்டில் ஒரு கரண்டி சோற்றுக்கே "போதும் அத்தை" என்பாள். 'கோழி கொத்துற மாதிரிதான் சாப்டுவா' என்று அம்மா சொந்தக்காரர்களிடம் சொல்வார். தேங்காய் எண்ணெய் வாசனை அம்மாவுக்கு ஆகாது என்பதால் எங்கள் அடுப்பில் அது ஏறியதே இல்லை. அவளும் கேட்டதில்லை.

இப்போது அந்தச் சிவப்புக் கொட்டை அரிசிச் சோற்றில் குழம்பை ஊற்றி, அப்பளத்தை நொறுக்கிப் போட்டு, தலை நிமிராமல் சாப்பிட்டாள். மறுசோறு கேட்டாள். அதன்மேல் மோர் ஊற்றிச் சாப்பிட்டு, இன்னொரு தடவையும் கேட்டாள். சர்வரும் அவள் ஊர்ப்பக்கம் போல. இருவரும் மலையாளத்தில் பேசினார்கள். அவள் அவ்வளவு வேகமாக, அவ்வளவு சத்தமாகப் பேசி நாங்கள் கேட்டதே இல்லை.

இதுதான் சமயம் என்று நான் தொண்டையைச் செருமினேன். "அப்புறம்மா, ஒரு விஷயம்..."

மேஜைக்கு அடியில் அம்மா என் முழங்காலை அழுத்தினார். "சும்மா இருடா. அவ சாப்பிடட்டும்."

பாயசம் வந்ததும் அம்மாவே பேசினார். குரல் உடையவே இல்லை. "உங்கப்பா வந்தா அவரோட கெளம்பும்மா. உங்கம்மா கையால சாப்டுக்கினு நல்லா இரு."

அவள் பாயசத்தைத் தொடாமல், இடது கையால் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது அம்மா என்னிடம் மட்டும் சொன்னார்: "மூணு வருஷமா அரை வயித்தோட இருந்திருக்கா. தட்டுல சோறு போட்டேனே தவிர, அவ மூஞ்சியப் பாக்கலடா."

அவள் கிளம்பிய அன்று, தம்பி இரண்டாவது தடவை செத்துப்போன மாதிரி இருந்தது. வாசலில் அவளை வழியனுப்ப ஒரு ஜோக்குகூட எனக்கு வரவில்லை.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது 'போதும்' என்று கை காட்டினால், அம்மா கரண்டியைப் பின்னுக்கு இழுக்காமல் அவர்கள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்க்கிறார். ஊரையே பேசிக் கவிழ்க்கிற நானும் அந்த நேரத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டு பார்க்கப் பழகிவிட்டேன்.