பெரியவள் ஏற மறுத்த பலகை

நெருடல் என்று ஒன்று உலகத்தில் இருக்கவே கூடாது என்பது தச்சரின் கொள்கை. மேசையோ கதவோ, எதைச் செய்தாலும் கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்ப்பார். கை எங்காவது தடுக்கினால் இழைப்புளி மறுபடி வெளியே வரும். ஆனால் அவர் பேச்சு ரம்பப் பல் மாதிரி. அதை இழைத்துச் சரிசெய்ய அவர் மனைவி முப்பது வருடம் முயன்றுவிட்டுக் கைகழுவிவிட்டார்.

தச்சரின் அக்கா பள்ளி வேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். இரண்டு குட்டைக் குதிரைகளை வளர்த்தார். இடுப்புயரம்கூட வராத ஜாதி. சவாரிக்கு உதவாது, வண்டி இழுக்காது. தின்பதில் மட்டும் முழுக் குதிரை. பெரியவள், சின்னவள் என்று கூப்பிடுவார். வயதில்தான் பெரியவள், உயரத்தில் சின்னவளைவிட இரண்டு அங்குலம் குறைச்சல்.

அவை அடையும் கொட்டில் ஒரு காலத்தில் சிமெண்டுக் கிடங்கு. தண்ணீர் புகாமலிருக்கத் தரையை ஒன்றேகால் அடி உயர்த்திக் கட்டியிருந்தார்கள். மூட்டைகளுக்கு அது வசதி. பெரியவளுக்கோ அந்த வாசல் ஏற்றம் அவள் உயரத்தில் பாதி. இரண்டு வருடமாகத் தாவித்தான் ஏறினாள், தாவித்தான் இறங்கினாள். சினையாகி வயிறு தொங்கிய பிறகு ஒருநாள் காலை இறங்கும்போது முன்னங்கால் மடங்கி விழுந்தாள். முழங்காலில் தோல் உரிந்தது.

கால்நடை மருத்துவர் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். “குட்டி நல்லாத்தாம்மா இருக்கு. இன்னும் மூணு வாரம் போகணும். இன்னொரு தடவை இப்படி விழுந்தா தங்காது. மழை நாள், வெளியிலயும் கட்டாதீங்க. முதல்ல அந்த வாசலை ஏதாவது பண்ணுங்க.”

அக்கா தம்பிக்குப் போன் போட்டார். “டேய், வாசலுக்கு ஒரு சாய்வுப் பலகை போடணும்.”

“அளவு சொல்லு.”

“வந்து எடு. அளவெடுக்கறது உன் தொழில். கூப்பிடறது என் தொழில்.”

தச்சர் வந்தார். வாசலின் உயரம், அகலம், முற்றத்தின் சாய்வு எல்லாவற்றையும் அளந்தார். குதிரையை மட்டும் அளக்கவில்லை. நான்காம் நாள் எட்டடி நீளத்தில் ஒரு சாய்தளம் வந்து இறங்கியது. மூன்று கோட்டு வார்னிஷ். குனிந்தால் முகம் தெரிந்தது.

“அழகாத்தான் இருக்கு. இதைக் கொட்டில்ல வைக்கறதா, கூடத்துல வைக்கறதா?” என்றார் அக்கா.

“ஒரு நெருடல் கிடையாது. தடவிப் பாரு.”

தடவிப் பார்த்தது பெரியவளின் குளம்பு. வைத்த கால் சர்ரென்று வழுக்கியது. அடியில் வெற்றிடம் இருந்ததால் பலகை பறை மாதிரி அதிர்ந்தது. அக்கா தோளைக் கொடுத்துத் தாங்கியதால் விழவில்லை. முற்றத்தின் கோடிக்குப் பின்வாங்கிப் போய், காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு நின்றாள்.

“வழவழன்னு வேணும்னு யாருடா கேட்டா?”

“வேலைன்னா அப்படித்தான் இருக்கும்.”

“ரசிச்சுத் தடவ அவளுக்குக் கையா இருக்கு?”

தச்சரின் வேலையைத் திருப்பி அனுப்பிய முதல் வாடிக்கையாளர் பெரியவள்தான், திட்டவும் வழியில்லை. தூறல் போட்டது. அன்றைக்கும் பெரியவளை, முன்பு வேன் நிறுத்திய கூரைக்கடியில்தான் கட்டினார்கள். மூன்று பக்கமும் சாரல்.

மறுநாள் தச்சர் பலகைகளைக் கழற்றிக் குப்புறத் திருப்பினார். அடிப்பக்கம் மில்லில் அறுத்தபடியே, ரம்பத் தடத்தோடு சொரசொரவென்று இருந்தது. யார் கண்ணிலும் படக்கூடாது என்று அவர் தரையைப் பார்க்க வைத்த பக்கம் மேலே வந்தது. அடியில் சரளையும் மண்ணும் கொட்டித் திமிசு போட்டு இறுக்கினார், சத்தம் செத்தது. வாசலுக்கும் பலகைக்கும் நடுவே குளம்பு சிக்காமலிருக்க ரப்பர் பாய் அறைந்தார். பிறகு குறுக்கே மெல்லிய கட்டைகளை அடிக்கத் தன் காலை வைத்து இடைவெளி குறித்தார்.

“நீயா ஏறப்போறே?” என்றார் அக்கா.

முற்றத்தில் ஈர மணலைப் பரப்பி அக்கா பெரியவளை நடத்திக்கொண்டு போனார். தச்சர் குந்தி உட்கார்ந்து தடத்துக்குத் தடம் டேப் பிடித்தார். அவர் நினைத்ததில் பாதிதான் இருந்தது. யாரிடமும் சொல்லாமல் குறித்துக்கொண்டு, அந்த இடைவெளியிலேயே கட்டைகளை அடித்தார்.

எல்லாம் முடிந்தும் பெரியவள் கிட்டே வரவில்லை. அரைமணி நேரம் இழுபறி.

“கயிறை விடுக்கா. இழுத்தா நானும்தான் வரமாட்டேன்.”

“அதை உன் பொண்டாட்டியே சொல்லியிருக்கா.”

கயிறு தளர்ந்தது. அவிழ்ந்து கிடந்த சின்னவள் சாவகாசமாக மேலே ஏறி, பெரியவளின் தவிட்டு வாளிக்குள் மூக்கை விட்டாள். பெரியவளுக்குப் பொறுக்கவில்லை. ஒரு குளம்பு வைத்தாள், நின்றது. அடுத்ததும் நின்றது. மற்றதையெல்லாம் அவள் யோசிக்கவில்லை. உள்ளே போய்ச் சின்னவளின் கழுத்தைக் கடித்தாள்.

அதிலிருந்து பதினேழாம் நாள் குட்டி பிறந்தது. அதற்கு ஐந்து நாள் வயதானபோது தச்சர் பார்க்க வந்தார். தாய் பெரிய மனுஷி மாதிரி சாய்தளத்தில் அடியெடுத்து வைத்து இறங்கினாள். பின்னால் வந்த குட்டி பாதி வழியில் நின்று, பக்கவாட்டில் எட்டிப் பார்த்து, அங்கிருந்தே கீழே குதித்தது. நான்கு காலிலும் சரியாக நின்று, பால் குடிக்கப் போனது.

அக்கா தம்பியைப் பார்த்தார். தம்பி குட்டியைப் பார்த்தார். அன்று மாலைக்குள் இரண்டு பக்கமும் தடுப்புச் சட்டம் ஏறியது. மறுநாள் குட்டி அதன் அடியில் குனிந்து வெளியே வந்தபோது தச்சர் அங்கே இல்லை. சட்டத்துக்குக் கீழே இரண்டாவது வரிசை அடிக்க மரம் வாங்கப் போயிருந்தார்.